தனகோடியின் இருபத்துமூன்று ஒலிகள்

பத்தொன்பதாவது எழுத்தின் கடைசிப் புள்ளியை விஜயகுமாரி தட்டி முடித்து, பிரிண்டர் கிறீச்சிட்டபடி அதைக் காகிதத்தில் இறக்கிய அதே விநாடி, அரை மைல் தள்ளி டிராவலர்ஸ் பங்களா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த தனகோடிக்கு, ஒன்பது வருஷமாக வாயில் இல்லாத 'ட' திரும்பி வந்தது. நிஜமாகவே வந்ததா என்று பார்க்க, பக்கத்தில் இருந்தவளிடம் "போடி" என்றாள். சரியாக இருந்தது. மணி பத்து ஐந்து. 1988 ஜூன், ஒரு செவ்வாய்க்கிழமை. இன்னும் நான்கு எழுத்துகள் பாக்கி. பத்தரைக்கு ஆம்பூரில் கரண்ட் போகும். அந்த வருஷம் ஊரில் நேரம் தவறாமல் நடந்த ஒரே காரியம் அதுதான். பதினோரு மணிக்குப் பங்களாவில் கிணற்று விசாரணை. இன்றைக்கும் சாட்சி தனகோடி பேசவில்லை என்றால் கோப்பை மூடிவிடுவேன் என்று அதிகாரி போன வாரமே சொல்லியிருந்தார். மூடிவிட்டால் பெரியபள்ளத் தெருவின் நூற்றுப்பத்து வீடுகளும் தங்கள் கிணற்றை மறந்துவிட்டு, இரண்டு மைல் நடந்து தண்ணீர் தூக்குவதையே தலையெழுத்தாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். விஜயகுமாரியும் அந்தத் தெருக்காரிதான். அன்று காலை அவளும் இரண்டு குடம் தூக்கிவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தாள். அச்சுக்கோர்க்கும் கம்பாசிட்டர் சர்தார் பாஷா அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டம் போட்ட காகிதத்தில் விரல் வைத்து, எந்த வரிசையில் எந்தப் புள்ளி கறுப்பு என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒலிகள் எப்படிப் போயின என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1976-ல் டாக்டர் ராஜகோபால் என்ற மொழியியல் பேராசிரியர், தோல் தொழிலாளர் பேச்சை ஆராய வந்தார். வந்தவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்கினார். பெரியபள்ளத் தெரு ஓராசிரியர் பள்ளியில் ஒரு டேப் ரிக்கார்டரை வைத்து, தோல் பதனிடும் டேனரியில் ஊறல் தொட்டி வேலை செய்த தனகோடியை நாற்பது நாள் பேசவைத்தார். அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் எழுதிவைத்த காரணம், முன்பல் முழுசாக இருந்தது என்பது. அவள் பேசும்போது அவர் அவள் கண்ணைப் பார்த்ததே இல்லை. உதட்டைப் பார்த்தார், சிறிய டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தார். நாற்பது நாளில் அவளுக்கு அவர் கொடுத்தது தினம் ஒரு டீ. அதற்கும் டம்ளர் தனி.

அவளுடைய ஒலிகளில் பாதிக்கு சாதாரண இங்கிலீஷ் எழுத்தே போதும் என்றும், மீதி இருபத்துமூன்றுக்கு உலகத்து ஒலியியல் நிபுணர்கள் ஒப்புக்கொண்ட விசேஷ எழுத்து வேண்டும் என்றும் பேராசிரியர் கண்டுபிடித்தார். மெட்ராஸ் ஃபவுண்டரியில் அவற்றை ஈயத்தில் வார்த்து, எழுத்துக்கு இருநூறு கட்டை வீதம், ஆம்பூர் கடைத்தெருவில் இருந்த ராமலிங்கம் பிரஸ்ஸுக்கு அனுப்பினார்கள். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்துப் பழகிய பிரஸ். அங்கே சர்தார் பாஷாதான் ஒரே கம்பாசிட்டர். ஒலியியல் நிபுணர்கள் வைத்த பெயர்களை அவர் சட்டை செய்யவில்லை. கொக்கி என், வால் வச்ச டி, கவுந்த ஈ என்று தனக்குத் தோன்றிய பெயர்களை அறைகளில் ஒட்டிவிட்டு அடுக்க ஆரம்பித்தார். அவருக்கு இங்கிலீஷும் தெரியாது, இந்த எழுத்துகளின் உச்சரிப்பும் தெரியாது. படிக்கத் தெரியாத பாஷையைப் பிழையில்லாமல் அடுக்குவது அந்தத் தொழிலில் சாதாரணம்.

அடுக்கிய எட்டுப் பக்கத்தை இரும்புச் சட்டத்தில் பூட்டி, மர ஆப்பு அடித்து இறுக்கினால் அது ஒரு பாரம். முதல் பாரத்தை சர்தார் பாஷா இறுக்கிய நிமிஷத்தில், தோல் காயும் மைதானத்தில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்த தனகோடியின் வாயிலிருந்து இருபத்துமூன்று ஒலிகளும் போயின. சாயங்காலம் அச்சடித்து முடித்து, ஆப்பைத் தட்டி, கட்டைகளை மறுபடி அறைகளில் பிரித்துப் போட்டதும் திரும்பி வந்தன. இரண்டாவது பாரத்திலும் அப்படியே. மூன்றாவதில் தெருவுக்கே விஷயம் புரிந்துவிட்டது. யாரும் அதிசயப்படவில்லை. அந்த மாதம் ஆட்டுத்தோல் விலை துண்டுக்கு இரண்டு ரூபாய் ஏறியிருந்தது, ஊர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. தனகோடியோடு சண்டை போட வேண்டியவர்கள் முதலில் பிரஸ் வாசலில் போய், பாய், பாரம் பிரிச்சாச்சா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பிரிக்காத நாளில் சண்டை போடுவது சௌகரியம் என்பதைக் கண்டுபிடித்தவள் அவளுடைய சொந்த நாத்தனார்.

1979-ல் கிணறு கெட்டது. முதலில் தண்ணீர் கசந்தது, அப்புறம் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் வந்தது, கடைசியில் வாளி இறக்கினால் பச்சையாக வந்தது. பக்கத்தில் இருந்த ஒரே டேனரி பரந்தாமனுடையது. பரந்தாமன் கோயிலுக்கு டியூப்லைட் போடுகிறவர். ஒவ்வொரு டியூப்லைட்டிலும் உபயம் பரந்தாமன் என்று வெளிச்சம் வெளியே வராத அளவுக்குப் பெரிதாக எழுதுகிறவர். கழிவுநீரைப் பூமிக்கடியில் குழாய் புதைத்துக் கிணற்றுப் பக்கம் விடுகிறார் என்று தெரு சொன்னது. எங்கே குழாய், காட்டுங்கள் என்றார் பரந்தாமன். டேனரி மதில் வளைவுக்குள் எங்கே புதைந்திருக்கிறது என்பதைப் பார்த்தவள் தனகோடி ஒருத்திதான். தெரு மனுக் கொடுத்தது, அரசாங்க அதிகாரி விசாரணைக்கு நாள் குறித்தார்.

பேராசிரியரின் புத்தகத்துக்கு அப்போது கடைசி பாரம் பாக்கி. இத்தனை நாளும் அந்தப் புத்தகத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காத பரந்தாமன், திடீரென்று தமிழுக்குத் தொண்டு செய்யும் ஆசை வந்து, அச்சுச் செலவு முழுவதையும் ஏற்றார். ஒரே நிபந்தனை. கடைசி பாரத்தைப் பிரிக்கக்கூடாது, அப்படியே நிற்கட்டும், ரெண்டாம் பதிப்புக்கு ஆகும். பிரஸ்ஸில் பாரத்தை நிறுத்திவைப்பது உள்ள வழக்கம்தான். பிரஸ் முதலாளி ராமலிங்கம் தலையாட்டினார், பணம் கொடுப்பவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதற்கென்றே அவருக்குக் கழுத்து இருந்தது. மாட்டேன் என்றது சர்தார் பாஷா மட்டும். அந்தம்மா வாயி இதுக்குள்ள கீது முதலாளி என்று அவர் சொன்னதைக் கேட்டு, அதனாலதான் பாய் பத்திரமா வைக்கச் சொல்றேன் என்று பரந்தாமன் சிரித்தார். பூட்டிய பாரத்தைத் தன் காரின் பின்சீட்டில் வைத்து, டேனரி கோடவுனுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார். சுண்ணாம்பும் அமிலமும் கலந்த கோடவுன் காற்றில் ஆறே மாதத்தில் ஈயம் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டது.

விசாரணை அன்று தனகோடிக்குப் பாக்கி இருந்த ஒலிகளை வைத்து மாமா என்று சொல்லலாம், பாவி என்று சொல்லலாம், எலி என்று சொல்லலாம். கிணறு, தண்ணி, பள்ளம், தோண்டினாங்க என்று விசாரணைக்கு வேண்டிய எந்த வார்த்தையும் வராது. அவள் பரந்தாமனைப் பார்த்துப் பாவி என்றாள். அது சாட்சியம் ஆகாது என்றார் அதிகாரி. கையால் இடத்தைக் காட்டினாள். சைகையைப் பதிவு செய்யப் படிவத்தில் கட்டம் இல்லை என்றார். அப்படியானால் ஊமை என்று டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவரச் சொன்னார். டாக்டர் அவளை மா என்று சொல்லச் சொன்னார், சொன்னாள்; இது ஊமை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஊமையும் இல்லாத, பேசவும் செய்யாத சாட்சியை அரசாங்கம் என்ன செய்யும்? ஒத்திவைத்தது. ஒன்பது வருஷம் ஒத்திவைத்தது. அந்த ஒன்பது வருஷத்தில் ஐந்து அதிகாரிகள் மாறினார்கள். ஐந்து பேரும் பரந்தாமன் வீட்டுக் காபி நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். தனகோடி தன் மகளுக்குக் கல்யாணம் செய்தாள், மகளைப் பெயர் சொல்லி வழியனுப்ப முடியாமல். மகள் பெயர் பங்கஜம். புத்தகத்தில் ஐந்நூறு பிரதி அடித்தார்கள். பேராசிரியர் அதை எடுத்துக்கொண்டு இரண்டு முறை வெளிநாடு போய் வந்தார். மீதி ராமலிங்கம் பிரஸ்ஸின் மேசைக்கால் ஆட்டத்துக்கு முட்டுக்கொடுத்தது.

1987-ல் பரந்தாமன் கம்ப்யூட்டர் வாங்கினார். தோல் வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் வந்தால் பார்க்கட்டும் என்பதற்காக. அதற்கு ஏ.சி. அறை, சந்தனப் பொட்டு, வெல்வெட் உறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வேலூரில் நாற்பத்தைந்து நாள் பயிற்சி முடித்த விஜயகுமாரியைத் தவிர அதைத் தொடத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. அதில் ஆவணம் தயாரிக்கும் புரோகிராம் ஒன்று இருந்தது. எழுத்து பெரிதாக ஒரு கட்டளை, சாய ஒரு கட்டளை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்கோடு. பேராசிரியர் ரெண்டாம் பதிப்பு வேண்டும் என்று வந்து நின்றார். பரந்தாமனால் மறுக்க முடியவில்லை. ரெண்டாம் பதிப்பு என்று ஊரறியச் சொல்லித்தானே பாரத்தைத் தூக்கிப்போனார். பாரம்தான் கல்லாகிவிட்டதே, கம்ப்யூட்டர்லயே அடிச்சுக்கலாம் சார் என்று பெருமையாகச் சொன்னார்.

கம்ப்யூட்டரில் அந்த இருபத்துமூன்று எழுத்துகளும் இல்லை. இருபத்துநாலு வரிசைக் கட்டத்தில் புள்ளி புள்ளியாக வரைந்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண் கணக்கிட்டுத் தட்டி, அந்த எழுத்துக்கு ஒரு கட்டளையைக் கட்டவேண்டும். வரைந்து கொடுங்கள் என்று விஜயகுமாரி கேட்டபோதுதான், பன்னிரண்டு வருஷமாக அந்த எழுத்துகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய டாக்டர் ராஜகோபாலுக்கு அவற்றில் ஒன்றைக்கூட ஒழுங்காக வரையத் தெரியாது என்பது தெரிந்தது. வால் இடப்பக்கமா வலப்பக்கமா என்றால் அது உங்க வேலைம்மா என்பார். ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன உச்சரிப்பு என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் சர்தார் பாஷாவைக் கூட்டிவந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவதுபோல் காற்றில் தடவி, ஒவ்வொரு வாலும் எத்தனை புள்ளி நீளம் என்று சொன்னார்.

நூற்றிருபது பக்கத்தையும் விஜயகுமாரி முதலிலேயே தட்டி வைத்துவிட்டாள். எழுத்துகள் இல்லாததால் திரையில் வெறும் சாய்கோடும் எண்ணுமாகத்தான் இருந்தது, கடவுளே வந்தாலும் படிக்க முடியாது. அப்புறம் இன்வாய்ஸ் வேலைகளுக்கு நடுவே, முதலாளி வெளியே போகிற நேரம் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கட்டினாள். முதலில் கொக்கி என், அதாவது 'ங'. அது காகிதத்தில் விழுந்த வியாழக்கிழமை, தண்ணீர் வரிசையில் நின்ற தனகோடி முன்னால் புகுந்தவளை எங்கே போறே என்று கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் பெயரைப் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஆபீஸ் வாசலுக்கு ஓடிவந்து நின்றாள். சர்தார் பாஷா ஒரு பீடி நேரம் யோசித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஈயத்தில் இருநூறு கட்டைதான். புத்தகத்தில் இருந்தால் வாயில் இருக்காது. இந்த டப்பாவில் எழுத்துக்குப் பஞ்சமே இல்லை, ஒன்றைக் கட்டிவிட்டால் லட்சம் தரம் வரும், யார் வாயிலிருந்தும் பிடுங்க வேண்டியதில்லை. இதைவிட நல்ல விளக்கத்தை இன்றுவரை யாரும் தரவில்லை. பரந்தாமனுக்கு இது தெரியவில்லை. தன் டேனரியில் இருபது வருஷம் வேலை செய்தவளின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதைக் கவனிக்க, அவள் பேசி அவர் எப்போதாவது கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டாவது எழுத்து விழுந்தது. மிச்சம் ஒன்று, 'ழ'. பெரியபள்ளத் தெருவில் அதை யாரும் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. பட்டியல் முழுமையாக இருக்கவேண்டும் என்று பேராசிரியர் அவள் நாக்கை ஒரு பகல் முழுக்க மடக்கி வாங்கிய ஒலி அது. அது கெடக்கட்டும்மா என்று சர்தார் பாஷா எழுந்தார். எழுத்துகள் சரியாக உட்காருகின்றனவா என்று பார்க்க விஜயகுமாரி ஏதோ ஒரு பக்கத்தை அச்சுக்கு அனுப்பினாள். அறுபத்தோராம் பக்கம். பக்கம் முடிந்து தாள் வெளியே வரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் உச்சரிப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். பாதியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னாம்மா ஆச்சு என்றார் சர்தார் பாஷா. அவள் எழுந்தாள். தாளை நான்காக மடித்து, செருப்பைக்கூட மாட்டாமல் பங்களாவுக்கு ஓடினாள்.

விசாரணையில் தனகோடி பேசினாள். இருபத்திரண்டு ஒலிகளோடு, ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினாள். எந்தக் கிழமை, எந்த இடம், எத்தனை பேர், யார் மேற்பார்வை என்று ஒன்று விடாமல் சொன்னாள். பரந்தாமனின் முகம் ஊறவைத்த தோல் மாதிரி வெளுத்தது. ஆனால் அவருடைய வக்கீல் அசரவில்லை. ஒன்பது வருஷம் வாயைத் திறக்காதவள் இன்றைக்கு யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்றார். இதெல்லாம் உண்மையாக இருந்தால் அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்க மாட்டாளா என்றார். அதிகாரி தலையாட்டினார். இந்தக் கட்டத்துக்கென்றே மெட்ராஸிலிருந்து காரில் வரவழைத்த சாட்சியை வக்கீல் எழுப்பினார். டாக்டர் ராஜகோபால். மைனாக் குஞ்சு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு எழுந்தார்.

"நாப்பது நாள் இந்த அம்மா உங்ககிட்ட பேசியிருக்காங்க. அப்ப குழாயைப் பத்தி ஒரு வார்த்தையாவது சொன்னாங்களா?"

"இல்லை," என்றார் பேராசிரியர். "இவர் பேசிய ஒவ்வொரு ஒலியையும் நான் பதிவு செய்திருக்கிறேன். அப்படி எதுவும் இல்லை."

கோப்பை மூட அதிகாரி பேனாவைத் திறந்தார். அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து விஜயகுமாரி எழுந்து வந்து மடித்த தாளை நீட்டினாள்.

"சார், ரெண்டாம் பதிப்பு புரூஃப் சார். உங்க உச்சரிப்புல ஒருதரம் வாசிச்சிட்டீங்கன்னா எல்லாரும் கேப்பாங்க."

பரந்தாமன் அவளை முறைத்தார். அவளுக்கு வேலை போய்விட்டது என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது. ஆனால் பேராசிரியரைத் தடுக்க யாராலும் முடியாது. தன் புத்தகத்தை வாசிக்கச் சொல்லி அந்த ஊரில் யாரும் அவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, ஒலிக்கு ஒலி பிசகாமல் வாசித்தார். வாயைத் திறந்ததும் வந்தது தனகோடியின் குரல், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய, இன்னும் கட்டை தட்டாத குரல். அதற்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை. குமாஸ்தா சாட்சியின் குரல் என்று எழுதி, அடைப்புக்குள் பேராசிரியர் வாயிலாக என்று சேர்த்துக்கொண்டார். அன்று சாயங்காலமே டேனரி வளைவுக்குள் தோண்டினார்கள். குழாய் அவள் சொன்ன பதினோரு அடியில் இல்லை, பத்தரை அடியில் இருந்தது. அந்த அரை அடியை வைத்துப் பரந்தாமனின் வக்கீல் மேலும் ஒன்றரை வருஷம் ஓட்டினார். ஓட்டியும் டேனரிக்குப் பூட்டுத்தான் விழுந்தது. கிணறு தெளிய மூன்று மழைக்காலம் ஆயிற்று. 'ழ'வைக் கட்ட யாரும் மெனக்கெடவில்லை.

பேராசிரியர் வாசித்தது இதைத்தான். பக்கத்தின் தலைப்பில் 1976 ஆகஸ்ட் 19, பதினேழாம் நாள் பதிவு என்று அவரே போட்டிருந்தார். பொருள் தன் துறை அல்ல என்பதால் வார்த்தைக்கு அர்த்தம் எதுவும் கொடுக்கவில்லை.

"ஐயா, நீங்க மெட்ராஸ்லேர்ந்து வந்த ஆபீசருன்னு தெருவுல சொன்னாங்க. தினம் வந்து சொல்றேன், நீங்க நாக்கத்தான் பாக்கறீங்க. நான் சொல்றத அப்டியே எயுதி மேல அனுப்புங்க. போன ஞாயித்துக்கெயமை லீவு. டிபன் டப்பா மறந்துட்டேன்னு டேனரிக்குப் போனேன். சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னால பள்ளம் தோண்டி, எங்க கெணத்தப் பாக்க கொயா பொதைக்கிறாங்க. மொதலாளி நின்னுக்கினு இருந்தாரு. புளியமரத்துக்கு மேக்கால, பதினோரு அடி ஆயம். இப்ப நிறுத்துனா எங்க கொயந்திங்க பொயைச்சிக்கும்."

இது பக்கத்தில் மூன்று முறை இருந்தது. ஒலி தெளிவில்லை என்று பேராசிரியர் அவளை மூன்று முறை சொல்லவைத்திருக்கிறார். மூன்றாவது முறைக்குப் பிறகு ஒரு வரி தனியாக இருந்தது.

"எயுதிக்கினீங்களா ஐயா?"

அதற்குக் கீழே பேராசிரியரின் அடிக்குறிப்பு: வினா வாக்கியம். இறுதியில் தொனி ஏறுகிறது.